கிளட்ச் மட்டும் மாத்தினா போதாதா? ஃப்ளைவீலையும் சேர்த்து மாற்றச் சொல்வது ஏன்? போர்ஷே 911-ஐ வைத்து ஒரு விளக்கம்

காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறீர்கள். "கிளட்ச் பிளேட் போயிடுச்சு சார், மாத்தணும்" என்கிறார் மெக்கானிக். சரி என்கிறீர்கள். மறுநாள் போன் வருகிறது. "கியர்பாக்ஸை இறக்கிட்டோம் சார். ஃப்ளைவீலும் சரியில்ல. ஆயில் சீலையும் மாத்திடலாம். இன்னொரு பேரிங்கும் இருக்கு..." பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. பில்லும் கூடவே ஏறுகிறது.

அந்த நேரத்தில் எல்லோருக்கும் வரும் சந்தேகம் ஒன்றுதான்: "இது உண்மையிலேயே தேவையா, இல்ல நம்மள ஏமாத்துறாங்களா?"

உலகம் முழுவதும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் அதிகம் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. இதைப் புரிந்துகொள்ள ஒரு குறிப்பிட்ட காரை எடுத்துக்கொள்ளலாம். அது 1997-ல் அறிமுகமான போர்ஷே 911. கம்பெனி கணக்கில் அதன் பெயர் 996. காற்றால் குளிரும் எஞ்சினை விட்டுவிட்டு, தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு மாறிய முதல் 911 இதுதான். ஒரு காலத்தில் பணக்காரர்கள் மட்டுமே வாங்க முடிந்த இந்த கார், இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் விலை குறைவான 911-களில் ஒன்று. அதனால் சாதாரண மாதச் சம்பளக்காரர்களும் வாங்குகிறார்கள். வாங்கிய சில வருடங்களில் கிளட்ச் வேலை வந்து நிற்கிறது. இந்த காரில் கிளட்ச் வேலை என்பது கிளட்சோடு முடிவதில்லை.

ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கிளட்ச் என்னதான் செய்கிறது?

எஞ்சின் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் சக்கரம் சிக்னலில் நிற்க வேண்டும், மெதுவாக நகர வேண்டும், கியர் மாற்றும்போது ஒரு நொடி விடுபட வேண்டும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வைப்பதும் பிரித்து விடுவதும்தான் கிளட்ச்சின் வேலை.

இதில் மூன்று முக்கியமான பாகங்கள் இருக்கின்றன. எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் கனமான வட்டு, அதுதான் ஃப்ளைவீல். அதன் மேல் பொருத்தப்பட்டிருக்கும் ஸ்பிரிங் உள்ள மூடி, பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில் சிக்கியிருப்பது கிளட்ச் பிளேட்.

நீங்கள் பெடலை மிதிக்காதவரை, பிரஷர் பிளேட் தன் ஸ்பிரிங் பலத்தால் கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீல் மேல் அழுத்திப் பிடித்திருக்கும். மூன்றும் ஒன்றாகச் சுற்றும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னே வந்து ஸ்பிரிங்கை அமுக்கும். பிடி விடும். கிளட்ச் பிளேட் தனியாகிவிடும். அவ்வளவுதான்.

அதாவது கிளட்ச் பிளேட்டின் ஒரு பக்கம் உரசுவது பிரஷர் பிளேட்டில். மறுபக்கம் உரசுவது ஃப்ளைவீலில். ஃப்ளைவீலும் தேய்மானத்தில் பங்கு வாங்கும் பாகம் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

996-ன் 3.4 லிட்டர் எஞ்சின் 350 நியூட்டன் மீட்டர் டார்க் தரும். பிறகு வந்த 3.6 லிட்டர் எஞ்சின் 370 தரும். இந்த இழுவை முழுவதும் இந்த ஒற்றை பிளேட்டின் இரண்டு பக்க உராய்வு வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது.

தேய்ந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் அறிகுறி ஸ்லிப். மேடு ஏறும்போதோ, ஓவர்டேக் செய்யும்போதோ ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீர்கள். ஆர்.பி.எம். முள் விறுவிறுவென்று ஏறுகிறது, ஆனால் வண்டியின் வேகம் ஏறவில்லை. எஞ்சின் சுற்றுகிறது, பிளேட் வழுக்குகிறது என்று அர்த்தம்.

இது முதலில் உயர் கியரில்தான் தெரியும். முதல் கியரில் வண்டி சுலபமாக நகர்ந்துவிடும். நான்காவது, ஐந்தாவது கியரில் கிளட்ச் மேல் பாரம் அதிகம். காலியான சாலையில், நான்காவது கியரில், குறைந்த வேகத்திலிருந்து முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இரண்டாவது அறிகுறி, பெடல் கனமாவது. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். தேய்ந்தால் லேசாகத்தானே ஆக வேண்டும்? காரணம் இதுதான்: பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் இன்னும் உள்ளே போகிறது. அதனால் ஸ்பிரிங்கின் விரல்கள் நிற்கும் கோணம் மாறி, அவற்றை அமுக்க அதிக பலம் தேவைப்படுகிறது. மெதுவாக, மாதக்கணக்கில் நடப்பதால் ஓட்டுபவருக்கே தெரியாது. வேறொருவர் ஓட்டிப் பார்த்து "என்னப்பா, கால் வலிக்குது" என்று சொல்லும்போதுதான் தெரியும்.

மூன்றாவது, கருகிய வாசனை. நான்காவது, நகர்த்தும்போது வண்டி உதறுவது. ஐந்தாவது, பெடலை மிதித்தால் ஒரு சத்தம் வந்து, விட்டால் நின்றுவிடுவது. இந்தச் சத்தம் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கிலிருந்து வருவது.

ஒன்றை மறக்கக்கூடாது. ஸ்லிப் தொடங்கிவிட்டால் காத்திருப்பதில் லாபம் இல்லை. வழுக்கும்போது சூடு உண்டாகிறது. சூட்டில் பிடிமானம் இன்னும் குறைகிறது. மேலும் வழுக்குகிறது. இந்தச் சூடு எல்லாம் போய்ச் சேரும் இடம் ஃப்ளைவீல். "இன்னும் ரெண்டு மாசம் ஓட்டிக்கலாம்" என்று தள்ளிப்போட்டால், நல்ல நிலையில் இருந்த ஃப்ளைவீலும் அந்த இரண்டு மாதத்தில் வீணாகலாம்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஒருவர் கையில் 1 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும் கிளட்ச், இன்னொருவர் கையில் அதில் பாதிகூட வராது. டிராஃபிக்கில் ஹாஃப் கிளட்ச்சில் ஊர்வது, மேட்டில் பிரேக் பிடிக்காமல் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பது, சும்மா இருக்கும்போதும் காலைப் பெடல் மேலேயே வைத்திருப்பது - இந்த மூன்றும்தான் பெரிய எதிரிகள். ஸ்போர்ட்ஸ் காரில் நான்காவதாக ஒன்று உண்டு: ஆர்.பி.எம்-மை ஏற்றி வைத்துக்கொண்டு கிளட்ச்சைச் சட்டென்று விட்டுக் கிளம்புவது.

சரி, ஃப்ளைவீல் ஏன் தேய்கிறது? அது வெறும் இரும்பு வட்டுதானே?

பழைய கார்களில் அது வெறும் இரும்பு வட்டுதான். 996 போன்ற கார்களில் அப்படி இல்லை. இங்கே இருப்பது ட்யூவல் மாஸ் ஃப்ளைவீல். அதாவது ஒரு வட்டு அல்ல, இரண்டு வட்டுகள்.

ஏன் இரண்டு? எஞ்சின் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் எரியும்போது ஒரு தள்ளு தள்ளும். ஆறு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் மூன்று முறை இந்தத் தள்ளு விழும். ஐடிலில் 750 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொண்டால், நொடிக்குச் சுமார் 37 முறை. இந்த அதிர்வு அப்படியே கியர்பாக்ஸுக்குப் போனால், உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தட்டிக்கொண்டு கடகடவென்று சத்தம் போடும்.

அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஒரு வட்டு எஞ்சினோடு இறுக்கப்பட்டிருக்கும். இன்னொரு வட்டு கிளட்ச் பக்கம் இருக்கும். இரண்டுக்கும் நடுவில், கிரீஸில் ஊறிய வளைந்த ஸ்பிரிங்குகள். எஞ்சினின் தள்ளை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். கியர்பாக்ஸ் பக்கம் சீரான சுழற்சி மட்டும் போகும்.

1985-ல் ஜெர்மனியின் லூக் நிறுவனம் பயணிகள் கார்களுக்கு இதைக் கொண்டுவந்தது. போர்ஷேவும் பிறகு 911-ல் பயன்படுத்தத் தொடங்கியது. 1989-ல் வந்த 964 வகை 911-ல் ஆரம்பத்தில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வைத்த ட்யூவல் மாஸ் ஃப்ளைவீல் இருந்தது. அந்த ரப்பர் சீக்கிரமே கிழிந்து தொல்லை கொடுத்ததால், ஸ்பிரிங் வகைக்கு மாற வேண்டியதாயிற்று.

ஸ்பிரிங்கும் கிரீஸும் உள்ளே இருக்கின்றன என்றால், அவற்றுக்கும் ஆயுள் உண்டு. ஸ்பிரிங் தளரும். கிரீஸ் சூட்டில் கசிந்து வெளியே வரும். இரண்டு வட்டுகளுக்கும் நடுவே உள்ள புஷ்ஷில் ஆட்டம் வரும். கிளட்ச் பிளேட் போல இதுவும் தேயும் பொருள்தான். ஆனால் மெதுவாகத் தேயும்.

அப்போ ஒவ்வொரு முறையும் ஃப்ளைவீலை மாத்தணுமா?

வேண்டியதில்லை. சோதித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இங்கேதான் நல்ல மெக்கானிக்கும் மற்றவரும் பிரிகிறார்கள். கியர்பாக்ஸை இறக்கிய பிறகு பார்க்க வேண்டியவை இவை:

1. உரசும் பக்கம்: மேற்பரப்பில் ஆழமான கோடுகள் இருக்கிறதா, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீல நிறத் திட்டுகள் இருந்தால் அங்கே அதிகச் சூடு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். லேசான நிறமாற்றம் மட்டும் என்றால் அதற்காகவே தூக்கிப் போட வேண்டியதில்லை. விரிசல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றித்தான் ஆக வேண்டும்.

2. சுழற்சி ஆட்டம்: கிளட்ச் பக்க வட்டைக் கையால் வலமும் இடமும் திருப்பினால் கொஞ்ச தூரம் திரும்பி, ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ள வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று திரும்பினாலும் தவறு. கொஞ்சமும் அசையாமல் இறுகி நின்றாலும் தவறு.

3. சாய்வு ஆட்டம்: வட்டின் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது. எவ்வளவு அசையலாம் என்று தயாரிப்பாளர் ஓர் அளவு கொடுத்திருப்பார். டயல் கேஜ் வைத்து அளந்து, அந்த அளவோடு ஒப்பிட வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து "லூஸா இருக்கு சார்" என்று சொல்வது போதாது.

4. கிரீஸ் கசிவு: ஃப்ளைவீல் ஓரத்திலும், கியர்பாக்ஸ் மூடியின் உட்பக்கத்திலும் கிரீஸ் தெறித்திருந்தால், உள்ளே காலியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"லேத்தில் கொடுத்து கடைசல் போட்டு திரும்ப மாட்டிக்கலாமே?" என்று கேட்பார்கள். ஒற்றை வட்டு ஃப்ளைவீலுக்கு அது சரியான வழி. ட்யூவல் மாஸில் அப்படிச் செய்யத் தயாரிப்பாளர்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. மேற்பரப்பு சரியாகலாம், ஆனால் உள்ளே தளர்ந்த ஸ்பிரிங் கடைசலால் சரியாகாது.

கியர்பாக்ஸை இறக்குவது எவ்வளவு பெரிய வேலை?

பட்டியல் ஏன் நீள்கிறது என்பதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

911-ல் எஞ்சின் காரின் வால் பகுதியில், பின் சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது. கியர்பாக்ஸ் அதற்கு முன்னால் இருக்கிறது. கிளட்ச் இரண்டுக்கும் நடுவில். அதைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸை முன்பக்கம் இழுத்து இறக்கியாக வேண்டும்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுவார்கள். காரை லிஃப்டில் ஏற்றி, அடிப்பகுதி மூடிகளை எடுப்பார்கள். சக்கரங்களுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டுகளைக் கியர்பாக்ஸிலிருந்து பிரிப்பார்கள். கியர் கேபிள்களை விடுவிப்பார்கள். கிளட்ச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றுவார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருப்பதால், கியர்பாக்ஸை எடுக்கும் முன் எஞ்சினுக்குக் கீழே தனியாக ஒரு முட்டு கொடுக்க வேண்டும். பிறகு கியர்பாக்ஸ் ஜாக்கை வைத்து, நேராக இழுத்து இறக்க வேண்டும்.

அனுபவமுள்ள ஒர்க்‌ஷாப்பில்கூட இதற்கெல்லாம் சேர்த்து ஒரு முழு நாள் போய்விடும். கிளட்ச் பிளேட்டை எடுத்துப் புதிதாக வைக்கும் வேலை மட்டும் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நீங்கள் கொடுக்கும் லேபர் பணத்தில் பெரும்பகுதி அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்கும் திரும்பி வருவதற்கும்தான்.

அதனால்தான் அந்த இடத்தில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடச் சொல்கிறார்கள். சின்ன ஒரு சீலைக் கவனிக்காமல் மூடிவிட்டு, ஆறு மாதம் கழித்து அது கசிந்தால், திரும்பவும் அதே ஒரு நாள் லேபர்.

சின்ன ஆயில் சீல், பெரிய நஷ்டம்

ஃப்ளைவீலைக் கழற்றினால் பின்னால் தெரிவது கிராங்க் ஷாஃப்டின் ஆயில் சீல். ரியர் மெயின் சீல் என்பார்கள். ஒரு ரப்பர் வளையம்தான். இந்தக் காலகட்டத்து போர்ஷே எஞ்சின்களில் இது கசிவது சகஜம்.

இது கசிந்தால் எஞ்சின் ஆயில் நேராக வந்து விழுவது கிளட்ச் அறைக்குள். ஆயில் பட்ட கிளட்ச் பிளேட் பிடிக்காது, உதறும், வழுக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய புது பிளேட்டாக இருந்தாலும் ஆயில் ஊறிவிட்டால் துடைத்துச் சரிசெய்ய முடியாது. மாற்ற வேண்டியதுதான். கிளட்ச் வேலையில் கசியும் சீலை அப்படியே விட்டுவிடுவது, கூரை ஒழுகும்போது தரைக்கு டைல்ஸ் போடுவது மாதிரி.

எஞ்சினையே காலி செய்யும் அந்த ஒரு பேரிங்

அதே இடத்தில், சீலுக்குப் பக்கத்தில், மூன்று போல்ட் போட்ட ஒரு சின்ன மூடி இருக்கும். அதன் பின்னால் இருப்பதுதான் 996 உரிமையாளர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் ஐ.எம்.எஸ். பேரிங். இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் என்பதன் சுருக்கம்.

எஞ்சினுக்குள் கிராங்க் ஷாஃப்டிலிருந்து கேம் ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோக, நடுவில் ஒரு ஷாஃப்ட் இருக்கிறது. அதன் ஒரு முனையைத் தாங்குவது இந்த பால் பேரிங். இருபுறமும் சீல் வைத்து, உள்ளே கிரீஸோடு வருவது. நாளாக நாளாகச் சீல் தளர்ந்து, உள்ளே புகும் எஞ்சின் ஆயில் கிரீஸைக் கழுவிவிடுகிறது. பேரிங் தேய்கிறது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம்.

பேரிங் உடைந்தால் ஷாஃப்ட் ஆடும். செயின் நழுவும். வால்வும் பிஸ்டனும் மோதும். பிறகு எஞ்சினைப் பிரித்துக் கட்டுவது அல்லது வேறு எஞ்சின் வாங்குவது. சில நேரங்களில் அந்தச் செலவு காரின் விலையையே நெருங்கிவிடும்.

அமெரிக்காவில் இது தொடர்பாக உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 2001 முதல் 2005 வரையிலான மாடல் ஆண்டுகளைச் சேர்ந்த 911 மற்றும் பாக்ஸ்டர் கார்கள் குறித்த அந்த வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிந்தது.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, எல்லா 911-லும் இந்தப் பிரச்சினை இல்லை. அதே காலத்தில் வந்த 911 டர்போ, ஜிடி3 கார்களில் இருப்பது வேறு எஞ்சின். 2009 மாடல் ஆண்டிலிருந்து வந்த புதிய எஞ்சினில் அந்த நடு ஷாஃப்டே இல்லை.

இரண்டு, சுமார் 2006 முதல் 2008 வரையிலான எஞ்சின்களில் பேரிங் அளவில் பெரியது. எஞ்சினையே இரண்டாகப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. அந்தக் கார்களுக்குக் கிளட்ச் வேலையோடு பேரிங்கையும் மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்.

மூன்று, இது சும்மா கழற்றி மாட்டும் பேரிங் அல்ல. கிராங்கையும் கேம் ஷாஃப்டுகளையும் அதற்கான டூல் போட்டுப் பூட்டி, செயின் டென்ஷனர்களைத் தளர்த்திய பிறகே தொட வேண்டும். இல்லாவிட்டால் டைமிங் மாறிவிடும். முன்பு இதைச் செய்த அனுபவம் இல்லாதவர் கையில் கொடுப்பதைவிடத் தொடாமல் இருப்பதே மேல்.

கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸ் இறங்கும் நாள்தான் இந்தப் பேரிங்கைப் பார்க்கக் கிடைக்கும் நாள். ஃப்ளைவீல் நன்றாகவே இருந்தாலும் அதைக் கழற்றச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

புதிதாக மாட்டும்போது எங்கே தப்பு நடக்கும்?

பாகங்கள் நல்லதாக இருந்தும் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களால்தான்.

ஃப்ளைவீல் போல்ட்டுகள் ஒருமுறைதான் பயன்படும். முதலில் சொல்லப்பட்ட டார்க்கில் இறுக்கி, அதன்பிறகு குறிப்பிட்ட டிகிரி கூடுதலாகத் திருப்புவார்கள். அப்போது போல்ட் கொஞ்சம் நீள்கிறது. பழையதைத் திரும்பப் போட்டால் அதே பிடி கிடைக்காது. பல ஆயிரம் ஆர்.பி.எம்-மில் சுற்றும் கனமான வட்டைப் பிடித்திருப்பது அந்தப் போல்ட்டுகள்தான். இதில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

புது பிரஷர் பிளேட் துருப்பிடிக்காமல் இருக்க லேசாக எண்ணெய் பூசி வரும். மாட்டும் முன் பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்க வேண்டும். புது ஃப்ளைவீலின் உரசும் பக்கத்தையும் அப்படியே. கைரேகை எண்ணெய்கூடப் படக்கூடாது.

கிளட்ச் பிளேட்டுக்கு எந்தப் பக்கம் எதை நோக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. ஜெர்மன் பிளேட்டுகளில் 'கியர்பாக்ஸ் பக்கம்' என்று ஜெர்மன் மொழியிலேயே அச்சிட்டிருப்பார்கள். திருப்பி மாட்டிவிட்டால், எல்லாவற்றையும் பூட்டிய பிறகு கிளட்ச் பிரியவே பிரியாது. மறுபடியும் ஒரு நாள் வேலை.

பிளேட்டை நடு மையத்தில் நிறுத்த அலைன்மென்ட் டூல் வேண்டும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பல் உள்ள ஷாஃப்டில் கிரீஸ் மெல்லிய பூச்சாகத்தான் இருக்க வேண்டும். அதிகமானால் சுற்றும் வேகத்தில் தெறித்துப் புது பிளேட்டில் விழும்.

கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றும்போது அதன் பாரத்தைக் கிளட்ச் பிளேட் மேல் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். முதல் நாளே உதறும் புது கிளட்ச்சுக்கு இதுவும் ஒரு காரணம்.

லைட்வெயிட் ஃப்ளைவீல் போட்டா வண்டி பறக்குமா?

ஃப்ளைவீல் மாற்ற வேண்டும் என்றதும் பலருக்கு வரும் ஆசை இது. ட்யூவல் மாஸைத் தூக்கிவிட்டு, எடை குறைந்த ஒற்றை வட்டு போட்டால் எஞ்சின் சட்டென்று ஏறி சட்டென்று இறங்கும். ஆக்ஸிலேட்டருக்கு உடனே பதில் சொல்லும். போர்ஷேவே 2016-ல் வெளியிட்ட 911 ஆர் காரில் ஒற்றை வட்டு ஃப்ளைவீலை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது.

ஆனால் எஞ்சினின் குதிரைத்திறன் இதனால் ஒன்றும் கூடாது. நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸ் கடகடக்கும், பெடலை மிதித்தால் நின்றுவிடும். டிராஃபிக்கில் நகர்த்தும்போது எஞ்சின் சட்டென்று ஆஃப் ஆகும். ட்யூவல் மாஸோடு வரும் கிளட்ச் பிளேட்டில் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் இருக்காது, ஏனென்றால் அந்த வேலையை ஃப்ளைவீல் செய்கிறது. ஒற்றை வட்டுக்கு மாறினால் ஸ்பிரிங் உள்ள பிளேட்டாகப் பார்த்து மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம், ஸ்பிரிங் வாங்கிக்கொண்டிருந்த அதிர்வு இனி கியர்பாக்ஸும் கிராங்க் ஷாஃப்டும் தாங்க வேண்டிய பாரமாகிறது.

ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டுபவருக்கு இது சரி. தினமும் ஆபீஸுக்குப் போய் வருபவருக்கு ட்யூவல் மாஸே நல்லது.

மாற்றிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

புது பிளேட்டும் புது மேற்பரப்பும் ஒன்றோடொன்று பழகக் கொஞ்ச நாள் ஆகும். பொதுவாக முதல் 500 முதல் 1,000 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டச் சொல்வார்கள். முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்துக் கிளம்புவது அப்போது கூடாது. வெறும் ஹைவேயில் ஓட்டினால் இது நடக்காது. கிளட்ச் பயன்படும் நகரச் சாலையில் ஓட்டினால்தான் பழகும்.

996-ல் கிளட்ச் திரவமும் பிரேக் திரவமும் ஒரே டப்பாவிலிருந்துதான் போகின்றன. வேலை முடிந்ததும் காற்றை எடுத்து, புதுத் திரவம் நிரப்பிவிடுவது நல்லது.

நம்ம ஊர் காருக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். ட்யூவல் மாஸ் ஃப்ளைவீல் ஸ்போர்ட்ஸ் காரில் மட்டும் இருப்பதல்ல. இந்தியாவில் ஓடும் பல டீசல் கார்களில், குறிப்பாக ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் டீசல் மாடல்களில் இருக்கிறது. டீசல் எஞ்சினின் தள்ளு இன்னும் பலமானது என்பதால் தேவையும் அதிகம். இதைக் கொண்டுவந்த லூக் பெயரில் கிளட்ச் தயாரிக்கும் தொழிற்சாலை ஓசூரிலும் இயங்குகிறது. செகண்ட் ஹேண்ட் டீசல் கார் வாங்கும்போது, எஞ்சினை ஆஃப் செய்யும் கணத்தில் டடக்கென்று உலோகச் சத்தம் வந்தால், ஃப்ளைவீலைச் சந்தேகப்பட்டு விலை பேசுங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்?

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நீளும் பட்டியல் நியாயமா, ஏமாற்றா? வண்டியை விடும் முன்பே இவற்றைப் பேசிவிடுங்கள்:

* கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாக மாற்றப்படுமா? இதில் "பிளேட் மட்டும் போதும்" என்பது நல்ல யோசனை அல்ல.

* ஃப்ளைவீலைக் கழற்றினால் புது போல்ட் போடப்படுமா? இதற்கு "ஆமாம்" என்ற பதில்தான் சரி.

* ஃப்ளைவீல் மாற்ற வேண்டும் என்றால், என்ன அளவு வந்தது, தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவு என்ன? போட்டோவோ வீடியோவோ அனுப்பச் சொல்லுங்கள்.

* ஆயில் சீலில் கசிவு இருக்கிறதா? கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

* கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கொடுப்பார்களா?

அளவைக் காட்டிவிட்டு மாற்றச் சொல்பவர் உங்கள் பணத்தை மிச்சப்படுத்துகிறார். பார்க்காமலேயே "எல்லாத்தையும் மாத்திடலாம்" என்பவரும், பார்க்காமலேயே "கிளட்ச் மட்டும் போதும், மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்பவரும் ஒன்றுதான். முதலாமவரால் இன்றைக்குச் செலவு, இரண்டாமவரால் ஆறு மாதம் கழித்துச் செலவு. கியர்பாக்ஸ் கீழே இருக்கும் அந்த ஒரு நாளில் நேரில் போய், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.